எல்லா முகமும் ஒரே அளவு

வெண்மதி என் கடைக்கு வேலை கேட்டு வந்த அன்று ஒரு கையில் சர்டிபிகேட் ஃபைலும் இன்னொரு கையில் இரும்பு ஸ்கேலும் வைத்திருந்தாள். ஃபைலை நான் திறக்கவே இல்லை. ஸ்கேலை அவளே எடுத்து என் கம்ப்யூட்டர் திரைமேல் வைத்தாள். மூன்று மணி நேரம் முதுகு ஒடிய உட்கார்ந்து நான் முடித்து வைத்திருந்த காதுகுத்து பேனர் அதில் இருந்தது. அளந்து பார்த்துவிட்டு, "அக்கா, சின்ன மாமன் மூஞ்சி பெரிய மாமன் மூஞ்சியவிட நாலு மில்லிமீட்டர் பெருசா இருக்குது. பிரிண்ட்ல ரெண்டு வெரல் வித்தியாசம் காட்டும். சண்டை வரும்க்கா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். வேலை கேட்டு வந்தவள், வந்த நிமிஷமே முதலாளி வேலையில் நொட்டை சொன்னால் யாருக்குத்தான் வராது? "சண்டை வந்தா நான் பாத்துக்கறேன், நீ மொதல்ல உன் பேரச் சொல்லு" என்றேன். பேரைச் சொன்னாள். அன்று சாயந்திரம் மண்டபத்தில் பெரிய மாமன் அந்த பேனரை நடுவில் கிழித்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நானே போன் பண்ணி அவளை வேலைக்கு வரச் சொன்னேன்.

நான் ஜெயசுதா. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஃப்ளெக்ஸ் டிசைன் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறவள். எங்கள் பக்கத்து பேனரைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். காதுகுத்து பேனர் என்றால் அதில் காது குத்திக்கொள்ளும் குழந்தை மட்டும் இருந்தால் போதாது. தாய்மாமன்கள், பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டுக்காரர், பங்காளிகள், அப்பாவோடு வாலிபால் ஆடுகிறவர்கள் என்று அறுபது முகம் வட்டம் வட்டமாக ஏற வேண்டும். ஒருத்தர் ஆதார் கார்டைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். இன்னொருத்தர் யார் கல்யாணத்திலோ பாயசம் குடிக்கும்போது எடுத்ததை அனுப்புவார். பின்னால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிய வேண்டும் என்பார்கள், மலை தெரிந்தால் மாமன் தெரியவில்லை என்பார்கள். அறுபது முகத்தையும் வெட்டி, வெளுப்பாக்கி, உறவுமுறைப்படி அடுக்குவதற்குள் நமக்கே காது குத்தினாற்போல் ஆகிவிடும்.

இதையெல்லாம் நாங்கள் செய்வது ஹெரான் என்கிற இலவச சாஃப்ட்வேரில். வெளிநாட்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சம்பளம் இல்லாமல் நடத்துகிறார்கள். திருட்டுக் காப்பி வைத்திருக்கிற கடைகளில் சோதனை வருகிறது என்று ஒருமுறை வதந்தி கிளம்பியது. பயந்துபோய் செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் நாற்பது கடையும் ஒரே வாரத்தில் அதற்கு மாறினோம். உலகத்தில் அதை வைத்திருப்பவர்களே கொஞ்சம் பேர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. ஐகானில் ஒரு கொக்கு நிற்கும். அதனால் இங்கே யாரும் ஹெரான் என்று சொல்ல மாட்டோம், கொக்கு என்போம்.

அந்தக் கொக்கோடு மாட்டிக்கொள்ளும்படி ஒரு சின்ன நிரலை, பிளகின் என்பார்களே அதை, வெண்மதி எழுதினாள். என் கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில், ஏழு மாதம். இன்டர்நெட்டில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். 'வரிசை' என்று பேர் வைத்தாள். அறுபது படத்தையும் மொத்தமாக உள்ளே தள்ளினால் போதும். முகத்தை மட்டும் கண்டுபிடித்து வெட்டும், வட்டத்தில் வைக்கும், நாம் சொன்ன உறவுப்படி அடுக்கும். நான்கு மணி நேர வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது.

அதில் 'சண்டை வராம' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் தாடையிலிருந்து நெற்றி வரைக்கும் அளந்து எல்லா முகத்தையும் ஒரே அளவாக்கிவிடும். முண்டாசு கட்டினவருக்கும் வழுக்கைத் தலைக்கும் ஒரே அளவு. அந்தப் பட்டன் வந்த பிறகு என் பேனர் ஒன்றுகூடக் கிழியவில்லை. நானும் சும்மா இருப்பேனா, எனக்கு வேண்டியதையெல்லாம் கேட்டு வாங்கினேன். கண்ணீர் அஞ்சலிக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டே வருவார்கள், அவர்களிடம் தேதி கேட்டுத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. 'மறைவு' என்ற இடத்தில் அன்றைய தேதி தானாக விழட்டும் என்றேன். செய்து கொடுத்தாள். அந்தத் தேதி என் தலையில் எப்படி விடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மகள் பூங்குழலி பிறந்ததும் வெண்மதி என் கடை வேலையை விட்டுவிட்டு, பக்கத்துச் சிங்கவரத்தில் வீட்டிலிருந்தே சில்லறை டிசைன் வேலை எடுத்துச் செய்தாள். கணவர் இளவரசன் கவர்மென்ட் பஸ் கண்டக்டர். ஆனால் 'வரிசை' அவளை விடவில்லை. அது பென் டிரைவ் பென் டிரைவாக நாற்பது கடைக்கும் போய்விட்டிருந்தது. ஏதாவது தகராறு என்றால் எல்லோரும் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். "யம்மா வெண்மதி, மூணாவது மாமன் காணாம போய்ட்டாரும்மா" என்பார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமனைத் தேடிக் கொடுப்பாள். ஒரு பைசா கேட்டதில்லை. நான்தான் திட்டுவேன், "நீ இன்னா தர்ம சத்திரமா நடத்துற?" என்று.

போன வருஷம் கொக்குக்காரர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். சித்திரையில் புதுப் பதிப்பு வரும், பழைய பிளகின் எதுவும் அதில் ஓடாது, முதலிலிருந்து எழுத வேண்டும். பழைய கொக்கையே வைத்துக்கொள்ளலாமே என்றால், புதிதாக வாங்குகிற கம்ப்யூட்டர்களில் அது திறக்கவே மாட்டேன் என்கிறது. வெண்மதி கணக்குப் போட்டாள். ஐந்து மாதம், வேறு வேலை எதுவும் எடுக்காமல் உட்கார வேண்டும். வீட்டுச் செலவுக்கு மாதம் இருபத்தைந்தாயிரம். இளவரசன் சம்பளத்தில் பாதி வீட்டுக் கடனுக்குப் போகிறது, அதனால் இந்தப் பணம் இல்லாமல் முடியாது. அதே சமயத்தில் பெங்களூரில் ஒரு கம்பெனி நல்ல சம்பளத்துக்கு அவளைக் கூப்பிட்டது. போனால் ஹாஸ்டலில் தனியாகத் தங்க வேண்டும், இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை மாதம் ஒருமுறைதான் பார்க்கலாம். கார்த்திகை கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"துட்டு சேந்தா இங்கியே உக்காந்து எழுதுவேன்க்கா. சேரலன்னா போய்த்தான் ஆவணும்" என்றாள். சொல்லும்போது பூங்குழலியின் பின்னலைப் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பாவம், அந்தப் பிள்ளை ஐந்தாவது தடவை தலையைக் காட்டிக்கொண்டு நின்றது.

முதலில் கொக்குக்காரர்கள் சொன்ன யோசனைப்படி இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறந்தாள், விருப்பமிருப்பவர்கள் நிதி தரலாம் என்று. பதினோரு பேர் தந்தார்கள். போர்ச்சுக்கலில் இருந்து ஒருத்தர், ஒரு படத்துக்குள் எதற்காக அறுபது முகம் வேண்டும் என்று கேட்டு எழுதினார். வெண்மதி இரண்டு பக்கத்துக்குத் தாய்மாமன் முறையை விளக்கினாள். அவர் மூவாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டு, உங்கள் ஊரில் ஓர் ஆளுக்கு மொத்தம் எத்தனை மாமன்கள் இருப்பார்கள் என்று கேட்டார். மொத்தத்தில் வந்தது ஒன்பதாயிரம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கோ இருக்கிறவன் கொடுக்கிறான், தினம் இதை வைத்துச் சோறு தின்கிற நாற்பது கடைக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனேன். "பாக்கலாம்க்கா", "முகூர்த்தம் முடியட்டும்க்கா", "நல்ல விஷயம்தான்க்கா." நல்ல விஷயம் என்றால் பையில் கையை விடேன்டா!

கடைசியாக அவலூர்பேட்டை பொன்னுசாமி அண்ணாவிடம் போனேன். எங்கள் வட்டாரத்திலேயே பெரிய பிரிண்டிங் மிஷின் அவருடையதுதான். நாற்பது கடையும் டிசைனை மட்டும் செய்து ஃபைலை அவருக்கு அனுப்புவோம், அவர் அச்சடித்து பஸ்ஸில் போட்டு அனுப்புவார். சட்டைப் பையில் இரண்டு போன், விரலில் மூன்று மோதிரம்.

"பென் டிரைவ்ல சும்மா கெடைக்கிறதுக்கு எவனாச்சும் துட்டு குடுப்பானாம்மா?" என்றார்.

"உங்க மிஷின்ல சும்மா பிரிண்ட் போட்டுக் குடுப்பீங்களாண்ணா?"

"அது மிஷினும்மா."

"இது மூளைண்ணா."

சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பணம் கொடுக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில்தான் புத்தியில் பட்டது. கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சமே வராத அளவுக்கு அதன்மேல் பேரை எழுதுகிறவர்கள் நாம். கண்ணுக்குத் தெரியாத பிளகினுக்கு எவன் காசு கொடுப்பான்? முகம் தெரிய வேண்டும். வெண்மதியிடம் சொன்னேன். பழைய 'வரிசை'யிலேயே ஒரு புது முகப்பு செய்தாள். அதைத் திறந்ததும் ஐந்து வினாடி நேரம் ஒரு பேனர் வந்து நிற்கும். 'இந்தப் பிளகின் வளர உதவிய உள்ளங்கள்' என்று தலைப்பு, கீழே முகங்கள். முதலில் மூன்றே முகம்தான். ஐயாயிரம் கொடுத்த நான், பதினோரு பேரில் தான் மட்டும் படம், அதுவும் நாயோடு செல்ஃபி, அனுப்பிய போர்ச்சுக்கல்காரர், முதல் ஐந்நூறு ரூபாயைத் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த வெண்மதியின் அப்பா செந்தமிழன். அவர் கொத்தனார். மகள் எழுதுவது என்னவென்று அவருக்குத் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் முந்திக் கொடுத்தார்.

இந்த முகப்பை நாற்பது கடைக்கும் அனுப்பினோம். மறுநாள் காலை எதிர்க்கடை ஆனந்தராஜ் ஒரு காலில் செருப்போடு ரோட்டைக் கடந்து ஓடி வந்தான். எனக்கும் அவனுக்கும் பத்து வருஷமாகத் தொழில் போட்டி.

"இன்னா ஜெயா இது? கடைய தொறந்து, சாமி கும்புட்டு, கம்ப்யூட்டர போட்டா உன் மூஞ்சி வந்து நிக்குது!"

"அழகாத்தான இருக்குது?"

"அத்த எடுக்க எவ்ளோ?"

"எடுக்க முடியாது. வேணும்னா பக்கத்துல உன் மூஞ்சிய வைக்கலாம்."

இரண்டாயிரம் எண்ணி வைத்துவிட்டுப் போனான். அன்று மத்தியானத்துக்குள் அவனுக்குப் போட்டியானவன் வந்தான். தன் கம்ப்யூட்டரில் தினம் காலையில் அடுத்தவன் சிரித்துக்கொண்டிருப்பதை எங்கள் ஆட்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்? பத்து நாளில் முப்பத்தேழு கடை கொடுத்தது. யார் முன்னால், யார் பின்னால் என்று ஒரு சின்னச் சலசலப்பு வந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முகங்கள் இடம் மாறி வரும்படி வெண்மதி செய்துவிட்டாள். அளவு மட்டும் மாறாது. ஐந்நூறுக்கும் அதே அளவுதான், ஐயாயிரத்துக்கும் அதே அளவுதான்.

ஆனாலும் கடைசிச் சனிக்கிழமை நாற்பத்தெட்டாயிரம் குறைந்தது. அன்றைக்குப் பொன்னுசாமி அண்ணா போன் செய்தார்.

"கொறையறத நான் ஒருத்தனே குடுத்துடறேன். ஆனா என் படம் மேல, நடுவுல, பெருசா வரணும். மத்தவனுங்க கீழ இருக்கட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வெண்மதியைக் கடைக்கு வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை.

"முடியாதுக்கா."

"நாளன்னிக்குக் காலைல பத்து மணிக்கு பதில் சொல்லணும்டீ! ஒரு மூஞ்சிய பெருசாக்கறதுல இன்னா கொறஞ்சி போவும்?"

அப்போதுதான் அதைச் சொன்னாள். அவள் ஏழாவது படிக்கும்போது, அவள் அப்பா வேறோர் ஊரில் ஒரு மண்டபம் கட்டுகிற வேலைக்குப் போயிருந்தாராம். பத்து நாள் கூலியை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தாராம், நன்கொடையாக. திறப்பு விழாவுக்கு நன்கொடையாளர் பேனர் வைத்தார்கள். மகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு பார்க்கப் போனார்.

"மேல எல்லாம் தேடனோம்க்கா. கீழ மூலைல பொட்டு மாதிரி ஒரு மூஞ்சி. பேனர் கட்ட ஓட்டை போடுவாங்க இல்ல, கயிறு கோக்க? அந்த ஓட்டை நைனா நெத்தியில இருந்துச்சி. கயிறு அது வழியா போவுது. நைனா சிரிச்சினே 'பரவால்ல, நாம இல்லன்னா பேனரே நிக்காது'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல."

அவரை ஏன் அந்த மூலையில் போட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்தவளுக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் படியிறங்கிப் போனதும் கோபம்தான் மிச்சம். பிடிவாதத்தைப் பார் பிடிவாதத்தை! பிள்ளையை விட்டுவிட்டு பெங்களூரில் போய்க் கண்ணைக் கசக்கப் போகிறாள். இவளைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆகாது, நாமே முடிப்போம் என்று தீர்மானித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறந்தேன். வெண்மதி எழுதத் தொடங்கியிருந்த புது 'வரிசை'யின் அரைகுறைப் பதிப்பு என் கம்ப்யூட்டரில் மட்டும் சோதனைக்காக இருந்தது. டிசைன்களுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, ஒன்று முதல் ஏழு வரை எண்தான். ஒரு முகம் பெரிதாகவும் மற்றவை கீழே சிறியதாகவும் வருகிற டிசைனைத் தேடினேன். ஆறாம் எண் அப்படி இருந்தது. பொன்னுசாமி அண்ணா படத்தை மேலே வைத்தேன், மற்ற நாற்பது முகங்களையும் கீழே தள்ளினேன். என் பழைய கம்ப்யூட்டரில் அலங்காரப் படங்களும் அலங்கார எழுத்துகளும் திரையில் தெரியாது, வெறும் கட்டங்கள்தான் தெரியும். ஃபைலாக மாற்றும்போதுதான் எல்லாம் ஏறும். பாதகமில்லை, ஏதோ பூ வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டேன். ஊர் பார்க்கப் போட்டுவிட்டால் அண்ணாவும் பேச்சு மாற முடியாது, வெண்மதியும் மறுக்க முடியாது என்பது என் சாமர்த்தியம். ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் எங்கள் டிசைனர்கள் வாட்ஸப் குரூப்பில் அப்படியே போட்டு, கீழே 'நம்ம பொன்னுசாமி அண்ணா' என்று எழுதி, மூன்று கும்பிடும் வைத்தேன். பிறகு போனைச் சார்ஜில் செருகிவிட்டு, ஒரு கல்யாண பேனரைக் கொடுக்க மண்டபத்துக்குப் போய், அங்கேயே பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது எதிர்க்கடை ஆனந்தராஜ் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாளில் அவனைப் பெற்ற தாய் கூப்பிட்டாலும் ஷட்டரை இறக்காதவன். போனை எடுத்தேன். இருபத்தேழு மிஸ்டு கால். இருபத்தெட்டாவது அடித்தது.

"ஜெயா, நான் எப்பம்மா செத்தேன்?" என்றார் பொன்னுசாமி அண்ணா.

"அண்ணா!"

"காலைல பொங்கலும் வடையும் துன்னுட்டு சொகமா உக்காந்துனு இருக்கறேன். என் மிஷினுக்கே அர்ஜென்ட்டுன்னு ஆறு ஃபைலு வருது. தொறந்து பாத்தா ஆறும் என் கண்ணீர் அஞ்சலி! ஒருத்தன் பத்தடிக்கு எட்டடி கேக்குறான். ஒருத்தன் 'ரேட்டு பாத்து போடுங்க'ன்னு எழுதறான். யாராண்ட ரேட்டு கேக்குறான், செத்தவனாண்டயா?"

குரூப்பைத் திறந்து பார்த்தேன். அண்ணா கழுத்தில் ரோஜா மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. 'மறைவு' என்ற இடத்தில் அன்றைய தேதி, நான் கேட்டு வாங்கிய தேதி, கச்சிதமாக விழுந்திருந்தது. கீழே 'கண்ணீருடன்' என்று நாற்பது முகம், அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நானும்.

வெண்மதிக்குப் போன் போட்டேன். "ஆறாம் நம்பரா போட்டீங்க?" என்றாள் எடுத்ததுமே. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, எல்லாரையும்விட ஒருத்தர் மட்டும் பெருசா வர்ற டிசைன் நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதானக்கா இருக்குது" என்றாள்.

சிங்கவரம் போய் அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அவலூர்பேட்டைக்குப் பறந்தேன். போச்சு, என் அவசரத்தால் அண்ணா பணமும் போச்சு, இந்தப் பெண்ணின் பிழைப்பும் போச்சு என்று வழிநெடுக என்னையே திட்டிக்கொண்டேன்.

பிரிண்டிங் கடை வாசலில் முப்பது பேர் டீ கிளாஸோடு நின்றார்கள். மேஜைமேல் மாலைகள் குவிந்து கிடந்தன. செஞ்சியில் பஸ் ஏறியதிலிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் அழுதுகொண்டே வந்த ஆனந்தராஜ் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். "பூக்காரம்மா திருப்பி எடுத்துக்குமா?" என்று மாலையைக் காட்டி என்னைக் கேட்டான்.

பொன்னுசாமி அண்ணா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரில் அந்த அஞ்சலி பேனர், பத்துக்கு எட்டில், புது மை வாசனையோடு தொங்கியது. அவரே அச்சடித்துப் பார்த்திருக்கிறார்.

"அண்ணா, தப்பு என்னுதுதான்" என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"பெருசா போடச் சொன்னது நான்தான? போட்டு ஒரு மணி நேரமா பாத்துனு இருக்கறேன். இவனுங்க எல்லாம் ஒண்ணா, தோளோட தோளு நிக்கிறானுங்க. நான் மட்டும் மேல, ஒத்தையா. பயமா இருக்குதும்மா." வெண்மதியின் பக்கம் திரும்பினார். "இவனுங்க வரிசைலயே என்னையும் போட்டுடு. அதே சைஸு."

வெண்மதி, "சரிண்ணா" என்றாள்.

"சின்ன மூஞ்சிக்கு எவ்ளோ?"

"ஐந்நூறுலருந்து எவ்ளோ வேணாலும்ண்ணா."

"அப்ப சொன்ன நாப்பத்தெட்டே இருக்கட்டும்" என்றவர், ஆனந்தராஜைக் காட்டினார். "இந்தப் பய எனக்காவ பஸ்ல அழுதுனு வந்தானாம். அதுக்கே குடுக்கலாம்."

ஆனந்தராஜ் மறுபடி அழ ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போன ஆட்டோ நின்றது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வெண்மதி என் கடையில் உட்கார்ந்து, பெங்களூருக்கு வர இயலாது என்று மெயில் அடித்தாள். பக்கத்தில் யூனிஃபார்மோடு நின்ற பூங்குழலிதான் அனுப்புகிற பட்டனை அமுக்கினாள். என்ன மெயில் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, அமுக்கின வேகத்தில் கீபோர்டே ஒரு முறை குதித்தது.

ஐந்து மாதம் எழுதினாள். சித்திரையில் புதுக் கொக்கும் வந்தது, அதே வாரம் புது 'வரிசை'யும் வந்தது. ஆறாம் எண்ணுக்கு இப்போது கொட்டை எழுத்தில் பேர் வைத்திருக்கிறாள், அதை அமுக்கினால் 'இவர் இறந்துவிட்டாரா?' என்று ஒரு கேள்வி கேட்கும். எனக்காகவே வைத்தது. வைக்கட்டும்.

அந்த வாரம் ஒரு நாள் அவள் அப்பா செந்தமிழன் வேலை முடிந்து, கையில் சிமென்ட் காய்ந்திருக்க, என் கடைப் படியேறி வந்தார். "என் மூஞ்சி எதுலயோ வருதாமே" என்று கூச்சத்தோடு கேட்டார். வெண்மதி முகப்பைத் திறந்து, ஐந்து வினாடியில் மறைந்துவிடாமல் நிறுத்தி வைத்தாள். நாற்பத்தொரு முகம்.

அவர் குனிந்து, கீழே இடது மூலையில் தேடினார். அங்கே இல்லை என்றதும் கீழே வலது மூலைக்குப் போனார். அங்கேயும் இல்லை.

"நான் இல்லையேம்மா" என்றார்.

வெண்மதி அவர் விரலைப் பிடித்து மேலே கொண்டு போனாள். அன்று அவர் முகம் இரண்டாவது வரிசையில் விழுந்திருந்தது. ஒரு பக்கம் பொன்னுசாமி அண்ணா, இன்னொரு பக்கம் நாயோடு போர்ச்சுக்கல்காரர். அவர் விரல் தன் முகத்தின் நெற்றியில் போய் நின்றது. அங்கேயே ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"எல்லாரும் ஒரே சைஸா?"

"ஒரே சைஸ் நைனா. வேணும்னா அளந்து பாரு."

மேஜையில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்தார். சுவர் அளக்கிறவருக்கு எந்த அளவையும் வாய்ச்சொல்லாக நம்பிப் பழக்கமில்லை. ஒரு கண்ணைச் சுருக்கி முதலில் பொன்னுசாமி அண்ணாவை அளந்தார். பிறகு தன்னை அளந்தார். ஸ்கேலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சரியா இருக்குது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் வழியாக ஆனந்தராஜ் பார்த்தால் பத்து நாளைக்குச் சொல்லிச் சிரிப்பான் என்று, டீ சொல்லப் போகிறவள் மாதிரிப் படியிறங்கிப் போனேன்.